முப்பதாவது ஆள்

2009 ஜூலை இரண்டாவது கிழமை டென்மார்க்கின் ரண்டர்ஸிலிருந்து ரஷ்யாவுக்குப் போனேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் மாஸ்கோ வழியாக டென்மார்க்குக்கு வரப் புறப்பட்டு, வந்து சேராத என் தம்பி குகனைத் தேடிப் போனேன். எங்கள் ஆட்களில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை அந்த வழியில் தொலைந்திருக்கிறது. தேடிப் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் விபரமாக எழுதுகிறேன். அந்த ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். ஏன் என்று வாசித்துக்கொண்டு போக விளங்கும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

பதினேழு வருடம் சும்மா இருந்துவிட்டு ஏன் இப்போது என்று கேட்பீர்கள். மே மாதம் போர் முடிந்தது. அம்மா வன்னியிலிருந்து கடைசிக் கிழமையில் வெளியே வந்து, வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றில் கம்பிவேலிக்குள் இருந்தார். அந்தக் கூடார வரிசையில் ஒருவர் கைத்தொலைபேசி ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் நாள் கதைத்தபோது அம்மா அழவில்லை. செத்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அதற்கே இரண்டு நிமிடம் போய்விட்டது. பிறகு சொன்னார்:

"பிள்ளை, பதிவுக்காரர் வந்து பிள்ளையள் எத்தினை பேர், ஆர் ஆர் எங்கை எண்டு கேக்கினம். உன்னைச் சொல்லிப்போட்டன். தம்பியை நான் என்னெண்டு சொல்ல?"

காணாமல் போனவன் என்று சொன்னால், இருபத்திரண்டு வயதில் எங்கே போனான், இயக்கத்துக்கா என்று விசாரணை வரும். வெளிநாட்டில் என்றால் முகவரி கேட்பார்கள். செத்துவிட்டான் என்று சொல்ல அம்மாவுக்குப் பதினேழு வருடமாக வாய் வரவில்லை. "இருக்கிறானோ இல்லையோ எண்டு ஒருக்கா சரியா அறிஞ்சு சொல்லு. அதையே நான் சொல்லுறன்" என்றார். அத்தோடு நேரம் முடிந்தது.

இதில் ஒரு வெட்கக்கேட்டையும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்வது ஒரு நகரசபையின் மக்கள் பதிவுப் பகுதியில். டென்மார்க்கில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும்: பிறந்தால், செத்தால், வீடு மாறினால் எல்லாம் எங்கள் கணினிக்கு வர வேண்டும். பத்து இலக்க அடையாள எண் ஒன்றுக்குள் ஒரு மனிசரின் சீவியம் முழுக்க இருக்கும். ஒரு எழுத்துப் பிழை விட்டாலும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட எனக்கு என் கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானைக்குள் விழுந்த கதைதான்.

அம்மா கதைத்து ஒரு கிழமையில் கொப்பன்ஹேகன் பக்கத்து இஷொயிலிருந்து சிவநேசன் அண்ணை ரயில் ஏறி என் வீட்டுக்கு வந்தார். தம்பியோடு கடைசியாகப் பயணம் செய்தவர் அவர். மாஸ்கோவிலேயே பிரிந்துவிட்டோம், பிறகு தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தார். அன்றைக்குக் குசினியில் இருந்து, மேசையைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். அவருடைய அக்கா குடும்பம் முள்ளிவாய்க்காலில் என்ன ஆனது என்று தெரியாதாம். வெளியே வந்த ஒவ்வொருவரையும் கேட்கிறாராம். ஒருவரும் வாய் திறக்கிறார்கள் இல்லையாம்.

"அக்காவைக் கண்டவை ஆரும் இருப்பினம் தங்கச்சி. ஒரு சொல் சொன்னா என்ன எண்டு எல்லாரையும் மனசுக்குள்ள திட்டுறன். பிறகுதான் யோசிச்சன், நானும் பதினேழு வருசமா அதைத்தானே செய்யிறன்."

பிறகு உண்மையைச் சொன்னார். பதினொரு பொடியன்கள் ஒரு லொறிக்குள். லாத்வியா எல்லைக்குப் போகும் வழியில் சாரதி இவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு இரவு பனிக்குள் நடந்திருக்கிறார்கள். தம்பியின் காலில் இருந்தது துணிச் சப்பாத்து. மூன்றாம் நாள் விடிய அவனுடைய கால்கள் கறுத்துவிட்டன. ஒரு ஊரின் பஸ் தரிப்பிடத்தில் அவனை இருத்தி, இருந்த இரண்டு போர்வையையும் போர்த்துவிட்டு, வாகனம் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தரிப்பிடத்துப் பலகையில் இருந்த எழுத்துகளை, விளங்காவிட்டாலும் பார்த்துக் கீறி வைத்திருந்தார் சிவநேசன் அண்ணை. சிகரெட் பெட்டி மட்டையின் உட்பக்கம். அதை என்னிடம் தந்தார். நான் அவரை ஏசவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் போன பிறகு அந்தக் கோப்பையைக் குப்பைக்குள் போட்டேன். இதை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். எல்லாத்தையும் எழுதச் சொன்னார்.

இனிப் பயணம். மட்டையில் இருந்த பெயரில் பிஸ்கோவ் மாகாணத்தில் மூன்று ஊர்கள் இருந்தன. அதில் ஒன்றுதான் லாத்வியாவுக்குப் போகும் பெருவீதிக்குக் கிட்ட. அந்த மாவட்ட நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் போட்டேன். கிணற்றில் போட்ட கல். சரி, நேரே போவோம் என்று கொப்பன்ஹேகனில் சுற்றுலா விசா எடுத்தேன். அழைப்புக் கடிதத்தோடு எல்லாமாக 780 குரோனர், எட்டு வேலை நாள். கணவர் பிள்ளைகளோடு நின்றுகொண்டார்.

ஞாயிறு காலை 5.52க்கு ரண்டர்ஸில் ரயில். கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு நான்கு மணித்தியாலம், 372 குரோனர். அங்கிருந்து பீற்றர்ஸ்பேர்க்குக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, போக வர 2,340 குரோனர். இரவு அங்கே தங்கல். திங்கள் காலை பிஸ்கோவுக்கு ரயில்: 290 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம், 520 ரூபிள். அப்போது ஒரு குரோனருக்கு ஏறக்குறைய ஆறு ரூபிள். செவ்வாய் காலை 7.20க்கு மாவட்ட நகரத்துக்கு பஸ்: 130 கிலோமீற்றர், இரண்டு மணி ஐம்பது நிமிடம், 190 ரூபிள். யன்னலோரம் இடம் பிடியுங்கள் என்று என் மற்றப் பயணக் கட்டுரைகளில் எழுதுவேன். இந்தப் பாதையில் முழுக்கக் காடு. நான் பார்க்கவில்லை. இதுக்குள்ளேயா நடந்தான் என்று ஒரு நினைப்பு வந்தது, பிறகு தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

மாவட்ட நகரம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு சந்தை, ஒரு தேவாலயம், ஒரு லெனின், ஒரு தங்குவிடுதி. விடுதி அறை ஒரு இரவுக்கு 800 ரூபிள், சுடுதண்ணீர் காலையில் மட்டும். ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்று கையால் காலால் கேட்டதில், பாடசாலை ஆங்கில ஆசிரியை லேனாவைக் கூப்பிட்டுத் தந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். கோடை விடுமுறை, கையில் ஒரு பழைய லாடா கார். மொழிபெயர்ப்பும் ஓட்டமும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,500 ரூபிள், பெற்றோல் வேறாக. நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் பெற்றோல் வேண்டாம் என்றாள்.

அன்று பின்னேரம் மாவட்ட நிர்வாகக் கட்டடத்துக்குப் போனோம். சுவரில் பெரிய வரைபடம், அதில் நூற்றுக்கணக்கான ஊர்கள். லேனா விரலை வைத்துக் காட்டிக்கொண்டு போனாள்: இதில் ஆள் இல்லை, இதில் ஆள் இல்லை, இதில் கோடைக்கு மட்டும் பட்டணத்தார், இதில் ஒரு கிழவி. கூட்டுப்பண்ணைகள் உடைந்த பிறகு இளம் ஆட்கள் எல்லாம் நகரங்களுக்குப் போய்விட்டார்களாம். வரைபடத்தில் ஊர் இருக்கிறது, நிலத்தில் இல்லை. எங்கள் வன்னியைக் குண்டு போட்டு வெறுமையாக்கினார்கள். இங்கே ஒருவரும் ஒன்றும் போடவில்லை, தானாகவே வெறுமையாகிக்கொண்டிருந்தது. வெளிநாட்டவர் பற்றிய பதிவு பொலிசிடம்தான் இருக்கும், அந்த வருடத்துப் பதிவு இல்லை என்று ஒரு அலுவலர் மரியாதையாகக் கையை விரித்தார்.

வெளியே வந்ததும் லேனா சொன்னதுதான் இந்தக் கட்டுரையிலேயே உங்களுக்கு உதவக்கூடிய ஒரே தகவல். மாவட்டத்தில் கேட்காதே, ஊர்ச்சபையில் கேள் என்றாள். ரஷ்யக் கிராமங்களில் ஒவ்வொரு ஊர்ச்சபையிலும் ஒரு வீட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த வீட்டில் யார் யார், என்ன உறவு, எத்தனை மாடு, எவ்வளவு தோட்டம் என்று கையால் எழுதுவார்கள். வீட்டுத் தலைவர் வாயால் சொல்வதை எழுத்தர் எழுதுவார், பெரிதாகக் கடுதாசி கேட்பதில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை புதிய புத்தகம் திறந்து பழையதைப் பார்த்து எழுதுவார்கள். கணினிக்குள் இல்லாத ஆளும் அதற்குள் இருப்பான்.

புதன் காலை 9 மணிக்குப் புறப்பட்டோம். 27 கிலோமீற்றர், கடைசி ஒன்பது கிலோமீற்றரும் கல்லுப் பாதை, ஐம்பது நிமிடம். நுளம்பு மருந்து இல்லாமல் இறங்கவே கூடாது. ஊர் என்பது ஒற்றைத் தெரு. சித்திர வேலை செய்த யன்னல்களோடு மரவீடுகள், இரண்டில் ஒன்று கூரை இறங்கிக் கிடக்கிறது. ஆள் இல்லாத வளவுகளில் அப்பிள் மரம் காய்த்து நிற்கிறது. தெரு முனையில் அந்த பஸ் தரிப்பிடம் இருந்தது. கொங்கிரீட் சுவர், நீலப் பலகை. மட்டையை எடுத்துப் பலகையோடு வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் பிழையில்லை.

ஊர்ச்சபை பழைய பாடசாலைக் கட்டடத்தில் இரண்டு அறை. ஒன்று வியாழக்கிழமைகளில் பஸ்ஸில் வரும் தாதிக்கு. மற்றது நீனா பெத்ரோவ்னாவுக்கு. ஊர்த் தலைவி, எழுத்தர், அறை கூட்டுகிறவர் எல்லாம் அந்த ஒரு பெண்தான். அறுபது வயதுக்குக் கிட்ட, கனத்த உடம்பு. லேனா கதைக்கத் தொடங்க முன்பே அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். பழையது இல்லை, இப்போது நடப்பில் இருக்கும் புத்தகம். ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். லேனா விரலை வைத்து வாசித்தாள்.

வீட்டுத் தலைவர் ஸ்தெபான். அதற்குக் கீழே இரண்டாவது வரி: குகன் ஸ்தெபானோவிச். உறவு: மகன். பிறந்த ஆண்டு 1969. வதிவு: நிரந்தரம். குறிப்பு: ஒன்றும் இல்லை.

குறிப்பு என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆள் இருக்கிறான். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது, அந்தத் தொலைபேசி இலக்கம் எங்கே, அவன் இப்போது தலை நரைத்திருப்பானா, தமிழ் மறந்திருப்பானா என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. எந்த வீடு, எந்த வீடு என்று கேட்டுக்கொண்டே கதவுக்குப் போய்விட்டேன்.

நீனா பெத்ரோவ்னா என்னைப் பார்க்காமல் லேனாவிடம் நிறைய நேரம் கதைத்தார். லேனாவின் முகம் மாறியதை நான் கண்டேன். இரு என்றாள். உன் தம்பி தொண்ணூற்று நான்கு நவம்பரில் செத்துவிட்டார், நுரையீரல் வருத்தம், இங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்றாள். புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறார் என்றாள்.

ஒரு நிமிடம் கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்துக்குள் என் தம்பி உயிர்த்து மறுபடியும் செத்தான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்கு டேனிஷ்தான் வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. செத்தவனைப் பதினைந்து வருடமாக உயிரோடு எழுதி வைத்திருக்கிறாயே, எங்கள் நாட்டில் இதைச் செய்தால் உனக்கு வேலையும் போகும், கம்பியும் எண்ண வேண்டும் என்று கத்தினேன். எங்கள் அப்பா சுப்பிரமணியம், அவருடைய பெயர் எங்கே, யாரைக் கேட்டு இன்னொருவனுக்கு மகன் ஆக்கினாய் என்றும் கேட்டேன். லேனாவுக்கு டேனிஷ் தெரியாது. நீனாவுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் விளங்கியவர்கள் போலத்தான் நின்றார்கள்.

நான் ஓய்ந்த பிறகு நீனா பெத்ரோவ்னா புத்தகத்தைத் திருப்பித் தன் பக்கம் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு எண்ணினார். முப்பது. பிறகு அதில் ஏழு பேரைக் காட்டி, யன்னலுக்கு வெளியே காட்டினார். இடுகாடு அந்தப் பக்கம். முப்பதுக்குக் குறைந்தால் இந்த ஊருக்குத் தாதியும் வர மாட்டாள், வியாழக்கிழமை பஸ்ஸும் வராது என்று ஒரு சட்டமாம். மற்ற ஆறு பேருக்கும் இந்த மண்ணில் சொந்தம் என்று கேட்க ஆள் இல்லை. உங்கள் தம்பிக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றார். நீங்கள் சொன்னால் இப்போதே பெயரை வெட்டி, செத்த திகதி எழுதி, முத்திரை குத்திய கடுதாசி தருகிறேன், இத்தனை வருடம் ஏன் எழுதவில்லை என்று என்னைக் கேட்பார்கள், அது என் பாடு என்றார். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

அந்தக் கடுதாசிக்குத்தான் நான் வந்தேன். அதைக் காட்டினால் அம்மாவை ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனாலும், முதலில் அவன் இருந்த வீட்டைக் காட்டுங்கள், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஸ்தெபான் இன்னும் உயிரோடு இருந்தார். பழைய டிராக்டர் சாரதி, எண்பதை நெருங்கிய வயது, சீனி வருத்தம், இடது கால் புண்ணாகித் துணி சுற்றியிருந்தது. பனி வழிக்கப் போனபோது தரிப்பிடத்தில் கண்டு தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். மாவட்ட வைத்தியசாலையில் எட்டுக் கால்விரல்களை எடுத்தார்களாம். போக இடமும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. அந்நியன் என்று எழுதினால் பொலிசிடம் போகும், மகன் என்றால் வீட்டுக்காரன் வாய்ச்சொல் போதும். அதனால் மகன் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொந்தம் அப்படி வந்தது. எனக்கு என் கத்தலை நினைக்க வெட்கமாக இருந்தது.

லேனா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க இரண்டு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி பண்ணை மாட்டுக் கொட்டிலில் வேலை செய்தான். சூட்டுக்காக அடுப்புக்கு மேலே கட்டியிருந்த மேடையில் படுத்தான். உருளைக்கிழங்கு தின்று அலுத்து, சந்தையில் வாங்கிய காய்ந்த மிளகாயின் விதையை யன்னல் சட்டியில் போட்டு முளைக்க வைத்தான். நான்கு கடிதம் எழுதினான். இரண்டு யாழ்ப்பாணத்துக்கு. அங்கே அப்போது தபால் போய்ச் சேர்ந்த இலட்சணம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு எனக்கு, நான் முதலில் இருந்த அகதி முகாம் முகவரிக்கு. நான் அங்கிருந்து மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. டென்மார்க்கில் எந்த நகரசபைக்காவது என் பெயரை எழுதிப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் என்னைக் கண்டுபிடித்திருப்பார்கள். அப்படிக் கண்டுபிடிப்பதுதான் இன்று எனக்குத் தொழில். அது அவனுக்குத் தெரியாது. இதை நினைத்துத்தான் இன்றும் எனக்கு நித்திரை வருவதில்லை.

வியாழக்கிழமைகளில் பஸ் வரும் நேரம் தடியை ஊன்றிக்கொண்டு தரிப்பிடத்துக்குப் போய் இருப்பானாம். திரும்பி வருகிறோம் என்று சொன்னார்கள் அல்லவா. கடைசி வருடம் படுக்கையில் இருந்துகொண்டும் பஸ் வந்ததா என்று கேட்பானாம். எல்லாம் சொல்லி முடித்து ஸ்தெபான் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பொடியன்கள் போய்ச் சேர்ந்தார்களா? இவன் சாகும் வரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான் என்றார். சேர்ந்துவிட்டார்கள் என்றேன்.

இடுகாடு ஊருக்குப் பின்னால் பேர்ச் மரங்களுக்குள். சின்ன இரும்பு வேலி, நீலப் பூச்சு, மரச் சிலுவை. நாங்கள் சைவம். சிலுவையைக் கண்டு ஒரு கோபமும் வரவில்லை. வேலிக்கு இந்த வருடமும் பூச்சுப் பூசியிருந்தது தெரிந்தது. லேனா பாணும் இனிப்பும் மண்ணில் வைத்தாள், செத்தவர்களுக்கு அவர்கள் அப்படித்தான் வைப்பார்களாம். நாங்களும் படைக்கிற ஆட்கள்தானே என்று சொன்னேன். கொண்டுபோன திருநீற்றை மண்ணில் பூசினேன். பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். டென்மார்க்கில் இருபது வருடத்தில் நான் அப்படி அழுததில்லை. அங்கே சுவர் மெல்லிசு.

வியாழன் மறுபடி போனோம். 10.40க்கு பஸ் வந்தது. தாதி இறங்கினாள். பாடசாலைக் கட்டடத்து வாங்கில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள், எல்லோரும் வயது போனவர்கள். ஸ்தெபானின் புண்ணைக் கழுவி, மருந்து வைத்துச் சுற்றி, ஒரு கிழமைக்கு உரிய இன்சுலினைக் கையில் கொடுத்தாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தாதி வருகிறாள், அவ்வளவுதான்.

நிவாரண அரிசிக்குக் குடும்ப அட்டை எழுதும் எங்கள் ஊர் விதானையாரை நினைத்தேன். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் அம்மாவின் குடும்ப அட்டையில் அப்பா செத்து மூன்று மாதமாகியும் பெயர் இருந்தது. குகன் பெயரும் இருந்தது. விதானையார் எல்லாம் தெரிந்துகொண்டே பேனாவை மூடி வைத்தார். அந்த இரண்டு பங்கு அரிசியில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த குழந்தைகளும் சாப்பிட்டன. கடிதத்தில் அம்மா இதை எழுதியபோது இதெல்லாம் பிழை அம்மா என்று பதில் எழுதியவள் நான். அந்தக் கடிதம் போய்ச் சேராமல் இருந்திருந்தால் நல்லது.

நீனா பெத்ரோவ்னாவிடம் வெட்ட வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னேன். கடுதாசியும் வேண்டாம். வெட்டாமல் கடுதாசி தந்தால், அது எங்காவது போய் அவர் கழுத்துக்கே வரும். அவர் தேத்தண்ணீர் வைத்தார். அப்பாவின் பெயரை மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அந்த வெறும் குறிப்புக் கட்டத்துக்குள் பென்சிலால் சின்னதாக எழுதி வைத்தார். என் தொழிலில் நான் பார்த்த மிகப் பிழையான பதிவு அதுதான். நான் திருத்தவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வந்த வழியே திரும்பினேன். ஏழு நாள், சாப்பாடு தங்கல் எல்லாம் சேர்த்து 6,100 குரோனர்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை போங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் அந்தக் கல்லுப் பாதையில் கார் புதையும். விசாவை மூன்று வேலை நாளுக்குள் பதிய வேண்டும், விடுதிக்காரரே செய்வார்கள், அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள். தேடுகிறவரின் படம் இரண்டு மூன்று கொண்டு போங்கள். தகப்பன் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள். ஊர்ச்சபைக்குப் போய் வீட்டுப் புத்தகம் என்று கேளுங்கள். என்னைப் போலக் கத்தாதீர்கள். அங்கே என்ன எழுதியிருந்தாலும், அதை எழுதிய ஆள் யாருக்காக எழுதினார் என்று கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். கூடப் பயணம் வந்து உயிரோடு சேர்ந்த யாராவது இதை வாசித்தால், உங்களுக்குத் தெரிந்த அந்த ஒரு சொல்லை இன்றைக்கே அந்த வீட்டுக்குச் சொல்லுங்கள்.

அம்மாவோடு கதைக்க ஜூலை கடைசியில்தான் நேரம் கிடைத்தது. மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைத்து வாசித்தேன். அம்மா எல்லாம் முடிந்த பிறகு கேட்டார், "அந்தச் சனம் அவனுக்குச் சாப்பாடு குடுத்ததோ?" ஓம் அம்மா என்றேன். "புத்தகத்திலை பேரை வெட்டிப்போட்டியோ?" இல்லை, கடுதாசியும் எடுக்கவில்லை என்று காரணத்தைச் சொன்னேன். "நல்லது. ஒரு ஊருக்கு உதவுறானெண்டா அங்கை இருக்கட்டும்" என்றார்.

இரண்டு கிழமை கழித்து அம்மாவே எடுத்தார். பதிவுக்காரர் வந்து போய்விட்டார்களாம்.

"செத்துப்போனான் எண்டு சொன்னன் பிள்ளை. கடுதாசி கேட்டவன். பெத்தவள் நான் சொல்லுறன், எழுது எண்டன். எழுதினவன்."

அம்மா பதினேழு வருடத்தில் அன்றைக்குத்தான் தம்பிக்காக அழுதார். நான் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிடம் முடிந்தும் தொலைபேசிக்காரர் வந்து வாங்கவில்லை.